வேனில் வரும் வெந்நீர்: கார்பெட் கழுவும் வண்டிக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் வாடகை அபார்ட்மெண்டைக் காலி செய்தவர்கள் அந்த வேனைப் பார்த்திருப்பார்கள். வாசலில் வந்து நிற்கும். பின்கதவைத் திறந்தால் ஜெனரேட்டர் ஓடுவது போல ஓர் இரைச்சல். உள்ளேயிருந்து இரண்டு ஹோஸ்கள் படியேறி வீட்டுக்குள் வரும். ஒன்று மணிக்கட்டுக் கனம், இன்னொன்று விரல் கனம். ஒருவர் வளைந்த எஃகுக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஏர் ஓட்டுவது போல முன்னும் பின்னும் இழுப்பார். ஆவி பறக்கும். ஒரு மணி நேரத்தில் மூன்று வருட அழுக்கு போய்விடும். கூடவே, அட்வான்ஸ் பணம் முழுதாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் வரும்.

அந்த வேனுக்குள் இருப்பதற்கு டிரக்மவுண்ட் என்று பெயர். வண்டியில் பொருத்திய இயந்திரம், அவ்வளவுதான். அதில் இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே பார்க்கலாம்: தண்ணீர் எப்படிச் சூடாகிறது, அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும். கடைசியில் ஒரே கணக்கில் போய் முடியும்.

முதலில், எதற்கு ஒரு வேன்? நம் வீட்டு ஜமக்காளம் அழுக்கானால் மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் அடித்து உதறலாம். துவைத்துக் கொடியில் போடலாம். அமெரிக்க வீட்டு கார்பெட்டைத் தூக்க முடியாது. சுவருக்குச் சுவர் விரித்து, ஓரத்தில் ஆணிப்பட்டையில் மாட்டி, அடியில் மெத்தை போல ஒரு திண்டும் வைத்து நிரந்தரமாகப் பதித்திருப்பார்கள். இப்படிப்பட்ட கார்பெட்டைத் தயாரிப்பதையே பெருந்தொழிலாகக் கொண்ட ஊர், ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன். பதித்த கார்பெட் துவைக்கும் இடத்துக்கு வராது என்பதால் துவைக்கும் இயந்திரம் அதனிடம் வர வேண்டியிருக்கிறது.

இதைப் பலர் 'ஸ்டீம் கிளீனிங்' என்கிறார்கள். பறக்கிற ஆவியைப் பார்த்து வந்த பெயர். உண்மையில் கார்பெட்டைச் சுத்தம் செய்வது நீராவி இல்லை, வெந்நீர்தான். தொழில்காரர்கள் வைத்திருக்கும் பெயருக்கு 'வெந்நீர் விட்டு உறிஞ்சுதல்' என்று பொருள். முன்னதாகத் தெளித்து ஊறவைத்த சோப்புக் கரைசலின் மீது, விரல் கன ஹோஸ் வழியாக வெந்நீர் அழுத்தத்தோடு பீய்ச்சும். அடுத்த நொடியே மணிக்கட்டுக் கன ஹோஸ் அதை அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி, வேனில் உள்ள கழிவுத் தொட்டிக்கு இழுத்துவிடும். வீட்டு கார்பெட்டுக்கு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 300, 400 பவுண்டு இருந்தால் போதும். தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு கேலன் முதல் இரண்டு கேலன் வரை ஓடும். அமெரிக்கக் கேலன் என்பது 3.785 லிட்டர்.

சூடு எதற்கு என்பதை நம் அடுக்களையே சொல்லும். எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள், அப்புறம் வெந்நீரில் தேய்த்துப் பாருங்கள். கொழுப்பு இளகுகிறது, சோப்பு வேகமாக வேலை செய்கிறது என்பதோடு தண்ணீரின் குணமே மாறுகிறது. 20 டிகிரி செல்சியசில் உள்ள தண்ணீரின் பாகுத்தன்மை 90 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பரப்பு இழுவிசையும் குறையும். அதனால் இழைகளுக்கு நடுவே எளிதாக நுழைகிறது, எளிதாக வெளியேயும் வருகிறது. கார்பெட் சீக்கிரம் காய்வதற்கும் இது ஒரு காரணம்.

எல்லாவற்றுக்கும் சூடு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தக் கறை, முட்டை, பால் மாதிரியான புரதக் கறைகள் வெந்நீர் பட்டால் வெந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தம் பட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசு என்று பாட்டி சொன்னது இதற்காகத்தான். கம்பளி கார்பெட்டுக்கும் சூட்டைக் குறைப்பார்கள். நம்மவர் வீடுகளில் உள்ள மஞ்சள் கறை தனி ரகம். கார்பெட் சோப்புகளில் பெரும்பாலானவை காரத்தன்மை உள்ளவை. மஞ்சளில் காரம் பட்டால் என்ன ஆகும்? மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிறோமே, அதேதான். சாம்பார் சிந்திய இடம் சிவந்துபோவதைப் பார்த்துச் சுத்தம் செய்ய வந்தவர் திகைப்பார். வீட்டுக்காரம்மாவுக்குக் காரணம் தெரியும்.

பத்து கீசர் கணக்கு

சரி, தண்ணீரைச் சூடாக்குவதில் என்ன கஷ்டம்? குளியலறையில் கீசர் இருக்கிறதே என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குழாயிலிருந்து வரும் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அதை 90 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதாவது 80 டிகிரி ஏற்றம். நிமிடத்துக்கு ஒரு கேலன், 3.785 லிட்டர், விடாமல் ஓடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.19 கிலோஜூல் வேண்டும். பெருக்கி, 60 நொடியால் வகுத்தால் கிட்டத்தட்ட 21 கிலோவாட் வருகிறது.

நம் ஊர்க் குளியலறை கீசர் பெரும்பாலும் 2 கிலோவாட். ஆக, பத்து கீசர்களை ஒரே நேரத்தில் ஓட்டினால்தான் இந்த ஒரு குழாய்க்கு ஈடுகொடுக்க முடியும். கீசரில் பொறுமையாகக் காய்ச்சி வைத்து, பிறகு குளிக்கிறோம். இங்கே தண்ணீர் ஓடுகிற ஓட்டத்திலேயே சூடாக வேண்டும். அமெரிக்க வீட்டின் சாதாரண பிளக் பாயிண்ட் 120 வோல்ட், 15 ஆம்பியர். அதிலிருந்து அதிகபட்சம் 1.8 கிலோவாட்தான் எடுக்கலாம். பிளக்கில் செருகி ஓட்டும் சின்ன கார்பெட் இயந்திரங்கள் சூட்டில் டிரக்மவுண்டை எட்ட முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் 21 கிலோவாட்டுக்கு எங்கே போவது? பதில் வேனிலேயே இருக்கிறது, அதுவும் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது.

வேனில் ஒரு பெட்ரோல் எஞ்சின் ஓடுகிறது. அதன் முதல் வேலை புளோயர் என்ற உறிஞ்சும் இயந்திரத்தையும் தண்ணீர் பம்பையும் சுழற்றுவது. பெட்ரோல் எஞ்சினின் இயல்பு நமக்குத் தெரியும்: ஊற்றுகிற எரிபொருளில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறும். மீதி சூடாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போய்விடும். எஞ்சின் 15 கிலோவாட் அளவுக்கு வேலை செய்கிறது, அதாவது சுமார் 20 குதிரைத்திறன், என்றால் அதைப் போல மூன்று மடங்கு வெப்பம் வீணாகிக்கொண்டிருக்கிறது. அதில் பாதியைப் பிடித்தாலே நம் கணக்குத் தீர்ந்தது. விறகடுப்பில் உலை கொதிக்கும்போது பக்கத்துக் கொடியடுப்பில் குளிக்கத் தண்ணீர் வைப்பதில்லையா? அந்தச் சிக்கனம்தான்.

பிடிப்பதற்கு இருப்பது வெப்பப் பரிமாற்றி. ஒரு பக்கம் சூடான பொருள், மறுபக்கம் தண்ணீர், நடுவே உலோகச் சுவர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் தாண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்திலிருந்து சூடு எடுக்க ஒன்று, புகைப்போக்கியிலிருந்து எடுக்க ஒன்று இருக்கும். சில இயந்திரங்களில் புளோயர் தள்ளும் காற்றிலிருந்தும் எடுப்பார்கள். காற்றை அமுக்கும்போது அதுவும் நன்றாகச் சுடும். வரிசையிலும் ஒரு யோசனை இருக்கிறது. கூலன்ட் 90 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதைவிடத் தண்ணீரைச் சூடாக்க அதால் ஆகாது. புகையோ பல நூறு டிகிரியில் வருகிறது. எனவே மிதமான சூட்டை முதலிலும் கடுமையான சூட்டைக் கடைசியிலும் காட்டுவார்கள்.

எஞ்சின் சூட்டை நம்பாமல், டீசல், மண்ணெண்ணெய் அல்லது புரொப்பேன் எரித்துத் தனி பர்னர் வைக்கும் ஏற்பாடும் உண்டு. கூடுதல் சூடு கிடைக்கும். கூடுதல் செலவு, கூடுதல் பராமரிப்பு, வேனுக்குள் தீ என்ற கவலை எல்லாம் சேர்ந்தே வரும். நான் பார்த்தவரை, பெரிய வணிக வளாகங்களில் மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்குத்தான் அது பொருத்தம்.

முதலில் அழுத்தம், பிறகு சூடு

புதிதாக இதைப் பார்ப்பவர்கள், தொட்டியில் தண்ணீரைச் சுட வைத்து, அதைப் பம்பு எடுத்து அனுப்புகிறது என்று நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். பச்சைத் தண்ணீரைத்தான் பம்பு எடுக்கும். அழுத்தம் ஏறிய பிறகே தண்ணீர் வெப்பப் பரிமாற்றிகளுக்குள் நுழையும்.

காரணம் இரண்டு. பம்பு உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அங்கே சூடான தண்ணீர் இருந்தால் அது பம்புக்குள்ளேயே கொதித்துக் குமிழ் விடும். அந்தக் குமிழ்கள் அழுத்தம் ஏறும் இடத்தில் படபடவென்று உடையும்போது உலோகத்தையே அரித்துவிடும். ரப்பர் சீல்களும் சூட்டில் சீக்கிரம் கெடும். இது ஒன்று. இன்னொன்று குக்கர் தத்துவம். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். 400 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 200 டிகிரி செல்சியசைத் தாண்டினாலும் கொதிக்காது. ஆகவே ஹோசுக்குள் 105, 110 டிகிரி சூட்டில்கூடத் தண்ணீராகவே ஓடும். நுனியில் வெளியே வந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். ஒரு பகுதி ஆவியாகிப் பறக்கும், மீதி சடாரென்று ஆறும். நாம் பார்க்கும் ஆவி அதுதான். கார்பெட்டின் அடி இழைக்குப் போய்ச் சேரும்போது, மீட்டர் காட்டிய சூட்டில் கணிசமான பங்கு போயிருக்கும். குளிர்காலத்தில் வெளியே தரையில் கிடக்கும் 150 அடி ஹோஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுவிடும்.

இங்கேதான் விற்பனைப் பேச்சைக் கவனிக்க வேண்டும். 'எங்கள் இயந்திரம் 110 டிகிரி தரும்' என்பார்கள். பொய் இல்லை. எத்தனை கேலன் ஓடும்போது என்று கேளுங்கள். அதே 21 கிலோவாட்டை வைத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு ஒரு கேலன் என்றால் 80 டிகிரி ஏற்றம். ஒன்றரை கேலன் என்றால் 53. இரண்டு கேலன் என்றால் வெறும் 40. அதாவது 10 டிகிரியில் உள்ளே போன தண்ணீர் 50 டிகிரியில் வெளியே வரும். குளிக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெரிய துளையுள்ள நுனியைப் போட்டுத் தண்ணீரை அள்ளிவிட்டு, 'மெஷினில் சூடு ஏறவில்லை' என்று புலம்புபவர்கள் உண்டு. குறை எஞ்சினில் இல்லை.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. வேலை செய்பவர் நாற்காலியை நகர்த்த ஒரு நிமிடம் குழாயின் விசையை விட்டுவிட்டால் தண்ணீர் ஓட்டம் நிற்கும். ஆனால் எஞ்சின் நிற்காது. புகை தொடர்ந்து சூடாக்கிக்கொண்டே இருக்கும். பரிமாற்றிக்குள் தேங்கிய தண்ணீரின் சூடு எகிறிப்போய்விடும். இதற்காக ஒரு சூட்டுக் கட்டுப்பாட்டு வால்வு வைத்திருப்பார்கள். வரம்பைத் தாண்டியதும் அது திறந்து, கொஞ்சம் வெந்நீரைக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரை உள்ளே விடும். அதையும் மீறினால் எஞ்சினையே நிறுத்தும் காவல் சுவிட்ச் இருக்கும். வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறது. வாடிக்கையாளர் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. சொந்தத் தொட்டியிலிருந்து வந்தால் உறைக்கும்.

தொட்டி

வழக்கமான முறையில் வீட்டு வெளிச்சுவரில் உள்ள தோட்டக் குழாயில் ஒரு ஹோஸை மாட்டிவிடுவார்கள். தண்ணீர் நேராகப் பம்புக்குப் போகாது. வேனில் உள்ள சிறிய பெட்டி ஒன்றில் விழும். நம் மாடித் தொட்டியில் இருக்கும் பால் வால்வு போலவே அதிலும் ஒரு மிதவை: நிறைந்தால் மூடும், குறைந்தால் திறக்கும். குழாயின் வாய்க்கும் பெட்டித் தண்ணீருக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஊர்க் குழாயில் அழுத்தம் திடீரென்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் பின்னோக்கிப் போய்க் குடிநீரில் கலந்துவிடக் கூடாதே. தண்ணீர் அடியோடு குறைந்தால் இயந்திரத்தை நிறுத்துகிற சுவிட்சும் அதே பெட்டியில்தான் இருக்கும். வறண்டு ஓடும் பம்பு சீக்கிரம் செத்துவிடும்.

இந்த வசதி இருக்கும்போது சிலர் எதற்காக வேனில் பெரிய தொட்டி வைத்து 100 கேலன் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டும்? அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிக் குழாய் இருக்காது. கிணற்றுத் தண்ணீர் வீட்டில் வேகம் போதாது. பனிக்காலத்தில் வெளிக் குழாயை உள்ளே அடைத்துவிடுவார்கள். வறட்சிக் காலத்தில் ஊர்த் தண்ணீரை எடுத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இப்படிப் பல காரணங்கள். ஆனால் எல்லாவற்றையும்விட வலுவான காரணம் தண்ணீரின் உப்பு.

சென்னை போர்வெல் தண்ணீரில் ஓடிய கீசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. சுண்ணாம்பு கலந்த கடின நீரைச் சூடாக்கினால் அது வெள்ளைப் படிவாகக் கம்பியில் ஒட்டும். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். சுண்ணாம்புப் படிவின் குணம் நேர்மாறு, சூட்டில்தான் பிரிந்து படியும். ஆக, டிரக்மவுண்டில் அது படிய விரும்பும் இடம் எது? மிகவும் சூடான புகைப் பரிமாற்றி. சுருள்குழாயின் உட்சுவரில் படிவு ஏறினால் சூடு தாண்டுவது குறையும், தண்ணீர் ஓடும் வழியும் குறுகும். பிறகு அமிலக் கரைசல் ஓட்டிக் கரைக்க வேண்டும், இல்லையென்றால் சுருளையே மாற்ற வேண்டும். கடின நீரில் சோப்பும் சரியாக வேலை செய்யாது என்பது தலைக்குக் குளிக்கும்போதே தெரிந்த விஷயம்.

அமெரிக்காவில் கடினத்தன்மையைக் கேலனுக்கு இத்தனை 'கிரெய்ன்' என்று சொல்வார்கள். ஒரு கிரெய்ன் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். ஏழு கிரெய்னைத் தாண்டினால் கடின நீர். வீட்டுக்கு வீடு அது எப்படி இருக்குமோ என்று பயந்துகொண்டிருப்பதைவிட, தன் கடையில் சாஃப்ட்னர் ஒன்றை வைத்து, மென்னீராக்கித் தொட்டியில் நிரப்பிக்கொண்டு கிளம்புவது நிம்மதி. இயந்திரத்தின் ஆயுளை நினைத்தால், தொட்டிக்கான மற்ற காரணங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான் என்பது என் கட்சி.

சுமைதான் இதற்குக் கொடுக்கும் விலை. 100 கேலன் தண்ணீர் 378 கிலோ, ஐந்து பேரை ஏற்றியது போல. ஏற்கெனவே இயந்திரம், கழிவுத் தொட்டி, நூற்றுக்கணக்கான அடி ஹோஸ் எல்லாம் வண்டியில் உண்டு. அந்த ஐந்து பேராவது சும்மா உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் அலையும். பாதி நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து நடந்தவர்களுக்குத் தெரியும், நிறைகுடத்தைவிட அதுதான் ஆட்டம் காட்டும். திடீர் பிரேக்கில் 200 கிலோ தண்ணீர் ஒரே அலையாக முன்சுவரில் மோதினால் வண்டி ஓட்டுபவரின் முதுகில் யாரோ தள்ளியது போல இருக்கும். அதனால் நல்ல தொட்டிகளுக்குள் துளையிட்ட தடுப்புச் சுவர்கள் இருக்கும். அவை அலையைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். தொட்டியை அச்சுக்கு மேலாக வைத்து, சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கயிறு கட்டிச் சமாளிப்பது உயிரோடு விளையாடுவது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். வேலை நடக்க நடக்க நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாகிறது, கழிவுத் தொட்டி நிறைகிறது. மொத்த எடை பெரிதாகக் குறையாது. வேனுக்குள் இடம் மாறுகிறது. எந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது காலை எடையையும் மாலை எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கழிவு நீரைத் தெரு மழைநீர் வடிகாலில் திறந்துவிடக் கூடாது. கழிவுநீர்ச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? நிமிடத்துக்கு ஒரு கேலன், விசை பாதி நேரம்தான் அழுத்தப்படுகிறது என்று வைத்தால் 100 கேலன் 200 நிமிடம் வரும். வால்வு கொட்டும் வெந்நீர் அதில் கை வைக்கும். அதைக் கழிவுக்கு விடாமல் நல்ல தண்ணீர்த் தொட்டிக்கே திருப்பினால் என்ன? கெட்டிக்காரத்தனமான யோசனை, பலர் செய்கிறார்கள். தண்ணீரும் மிச்சம், தொட்டியும் மெல்ல வெதுவெதுப்பாகும், பரிமாற்றிக்கு வேலையும் குறையும். ஆனால் தொட்டி பிளாஸ்டிக். 60 டிகிரி பக்கம் போனால் இளகி வயிறு தள்ள ஆரம்பித்துவிடும். பம்பு சூட்டுத் தண்ணீரை விரும்பாது என்பதை மேலேயே பார்த்தோம். எனவே கைபொறுக்கும் சூட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நாள்கணக்கில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேக்கி வைப்பதும் கூடாது, பாசியும் கிருமியும் வளரும்.

இரண்டு கேள்விகளும் ஒரே கணக்கில் முடியும் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? பரிமாற்றி தருவது வெப்பநிலை இல்லை, ஏற்றம். எங்கிருந்து ஏறுகிறது என்பதைத் தீர்மானிப்பது தொட்டி. மினசோட்டா போன்ற குளிர் மாநிலத்தில் ஜனவரி மாதம் குழாய்த் தண்ணீர் 5 டிகிரியில் வரலாம். 21 கிலோவாட்டில், நிமிடத்துக்கு ஒன்றரை கேலனுக்கு அது 58 டிகிரியில் வந்து நிற்கும். அதே தண்ணீர் முந்தின இரவே தொட்டியில் நிரம்பி, சூடேற்றிய கொட்டகையில் நின்று 20 டிகிரிக்கு வந்திருந்தால் 73 டிகிரி கிடைக்கும். ஒரு ரூபாய்க்கான பாகத்தைக்கூட மாற்றவில்லை.

அந்தக் கொட்டகைச் சூடு அங்கே எப்படியும் தேவை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஓர் இரவு வேனை வெளியே நிறுத்தி மறந்தால், காலையில் பம்பும் சுருளும் விரிசல் விட்டிருக்கும். அதனால் குளிர் மாநிலத்துக்காரர்கள் வேனைக் கொட்டகைக்குள் விட்டு ஹீட்டரைப் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். எஞ்சின் ஓடாதபோது மட்டும், ஏனென்றால் மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டினால் புகை ஆளைக் கொல்லும். வண்டி உறையாமல் இருக்கப் போட்ட அந்த ஹீட்டர், விடியும்போது தொட்டியில் உள்ள தண்ணீரையும் கொஞ்ச தூரம் ஏற்றி வைத்திருக்கும்.